கன்னுக்குட்டிக்கு நெஞ்சுச்சளி (நிமோனியா): உங்க கொட்டகையில நடந்ததச் சொல்லுங்க

பெகு பால்வீடு:
மழை புடிச்சா நம்ம எல்லார் கொட்டகையிலயும் இருமல் கேக்கும், அத விளக்க வேண்டியதில்ல. என்னை விடாம உறுத்துறது இருமல் இல்ல, காது. ரெண்டு மாசக் கிடேரி, சீமைக் கலப்பு. ஒரு காலையில இடது காது மட்டும் வாடின வெத்தல மாதிரி தொங்குது. தலையையும் அந்தப் பக்கமே சாய்ச்சு, யாரோ கூப்பிடுறதக் கேக்குற மாதிரி நிக்குது. உண்ணி ஏறியிருக்கும்னு வேப்பெண்ணெய் விட்டேன். நாலாம் நாள் இரைப்பு, முன்னங்கால் மூட்டு வீக்கம். பெனிசிலின் அஞ்சு நாள் போட்டும் இறங்கல.

அப்புறம் வந்த டாக்டர் காதப் பாத்ததுமே, "கொட்டகையில மடிநோய் மாடு இருக்கா?"ன்னார். இருந்துச்சு. அந்தப் பால டீக்கடைக்குக் குடுக்க முடியாது, கொட்டவும் மனசு வரல. ஒரு வாரமா கன்னுக்குத்தான் ஊத்தினேன். மைக்கோபிளாஸ்மா போவிஸ்ங்கிற கிருமியா இருக்கும்னார். பெனிசிலின் உடைக்கிறது கிருமியோட செல் சுவர. இந்தக் கிருமிக்கு அந்தச் சுவரே கிடையாதாம். மடியிலேருந்து பால்ல, பால்லேருந்து தொண்டைக்கு, அங்கேருந்து நடுக்காதுக்கும் நெஞ்சுக்கும். வாளியப் புடிச்சது என் கை. கன்னு வாலாட்டிக்கிட்டே குடிச்சுது.

சிரியம் அக்கா:
தம்பி, எனக்கும் கைதான் உறுத்துது. ஆடியில மூணு நாள் விடாத மழை. சாரல் அடிக்கக் கூடாதுன்னு நாலு பக்கமும் தார்ப்பாய இழுத்துக் கட்டினேன். விடியக்காலை உள்ள போனா கண்ணு எரிஞ்சுது. நின்னுக்கிட்டு இருந்தப்ப அவ்வளவுதான். விழுந்த சொம்ப எடுக்கக் குனிஞ்சேன், கன்னு மூக்கு இருக்கிற உயரத்துல மூச்சே அடைச்சுது. மூத்திர நெடி பூரா அங்கதான் தேங்கியிருக்கு. மூணு ராத்திரி அதுங்க அதைத்தான் இழுத்திருக்குதுங்க. ஆறு கன்னுல நாலு இருமிச்சு, ரெண்டு போச்சு.

ரங்கூன் பழைய ஆள்:
ரெண்டு பேரும் சுத்தி வளைக்கிறீங்க. இது தொண்டை அடைப்பான். மழைக்கு முன்னாடி ஊசி போட்டா வராது. என் அப்பா காலத்துல ராத்திரி நல்லா அசை போட்ட எருமை, காலையில கழுத்து பானை மாதிரி வீங்கி, நாக்கு வெளிய தள்ளி, சாயங்காலம் முடிஞ்சுது. அத நேர்ல பாத்தவன் நான். பாலு, தார்ப்பாயின்னு பேசுறத விட்டுட்டு முதல்ல ஊசி போடுங்க.

தட்டோன் மருந்துப்பெட்டி:
அண்ணே, மரியாதையோட மறுக்கிறேன். கால்நடை மருத்துவருக்குப் பெட்டி தூக்கிப் பதினோரு வருஷம் சுத்தினவன் நான். தொண்டை அடைப்பானும் கன்னோட நெஞ்சுச்சளியும் பாஸ்டுரெல்லா மல்டோசிடாங்கிற ஒரே கிருமியால வரலாம், ஆனா வகை வேற. நம்ம ஆசியப் பக்கம் தொண்டை அடைப்பான் 'பி' வகை. கன்னு நுரையீரல்ல பெரும்பாலும் 'ஏ' வகை. 'பி'க்குப் போட்ட ஊசிய நம்பி 'ஏ'ய விட்டுடக் கூடாது. மூக்குல பீய்ச்சுற உயிர்த் தடுப்புமருந்து நம்ம பர்மாவுலயே சோதிச்சு 1989ல வெளியானது. அதுவும் தொண்டை அடைப்பானுக்குத்தான். அத விடாம போடுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க.

இன்னொண்ணு: கன்னோட நெஞ்சுச்சளிக்கு ஒரு கிருமியக் கைகாட்ட முடியாது. பெரும்பாலும் வைரஸ் முன்னாடி போகுது: பாராஇன்ஃபுளுயன்சா 3, மாட்டு ஆர்எஸ்வி, ஹெர்பிஸ், கொரோனா. மூச்சுக்குழாய்ல சளியத் தள்ளுற மெல்லிய மயிர அது அழிச்சதும், மூக்குலயும் தொண்டையிலயும் சும்மா குடியிருந்த பாஸ்டுரெல்லா, மேன்ஹைமியா, ஹிஸ்டோஃபிலஸ் மாதிரி கிருமிங்க நுரையீரலுக்கு இறங்குதுங்க. மேன்ஹைமியா வெள்ளணுவக் கொல்ற நஞ்சு விடும். நெடி, ஈரம், கூட்டம் எல்லாம் அதுங்களுக்குக் கதவு தொறக்குது. அதனால அக்கா சொன்ன தார்ப்பாய் சின்ன விஷயமில்ல. மேல ஒரு முழம் தொறந்து விடுங்க. சாரல் கன்னு மேல விழாம இருந்தாப் போதும். வைக்கோல்ல முட்டி போட்டுப் பாருங்க, துணி நனைஞ்சா கன்னுக்கு அது படுக்கை இல்ல.

சீம்பால மறக்காதீங்க. முப்பது கிலோ கன்னுக்கு மூணு லிட்டர், பிறந்த ஆறு மணி நேரத்துக்குள்ள. ஒரு நாள் தாண்டினா அதுல இருக்கிற எதிர்ப்புச் சக்திய குடல் வாங்காது. மழைக்காலத்துல தினமும் சூடு பாருங்க, 39.5 டிகிரி செல்சியஸுக்கு மேல போனா அன்னிக்கே டாக்டரக் கூப்பிடுங்க, மூக்கு ஒழுகட்டும்னு காத்திருக்காதீங்க. மடிநோய்ப் பாலக் காய்ச்சினா கிருமி சாகும், ஆனா மாட்டுக்குப் போட்ட மருந்தோட மிச்சம் அதுலயே கிடக்கும்.

என் கதை சின்னது. ஒரு அம்மா வீட்டுல நாங்க போய்ச் சேர்ந்தப்ப கன்னு கழுத்த நீட்டி, வாயத் தொறந்து, வயித்தால மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் தம்பி இருந்துச்சு"ன்னு அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாங்க. மூணு நாளா பால மிச்சம் வெச்ச வாளி அவங்க பின்னாடியே இருந்துச்சு.

மோல்மேன் வைக்கோல்போர்:
எல்லாத்தையும் கிருமி மேலயே போடாதீங்க. எங்க வீட்டுல பால் குடிக்காத கன்னுக்கு மூங்கில் குழாயால கஞ்சி விட்டோம். நான் வாயத் தொறந்து தலையத் தூக்கிப் புடிச்சேன், சித்தப்பா ஊத்தினார். நடுவுல ஒரு செருமல், அவ்வளவுதான் கேட்டுச்சு. மறுநாள் மூக்கு வழியா அதே கஞ்சி நாத்தத்தோட வந்துச்சு. நுரையீரலுக்குள்ள போயிருச்சு. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. அந்தச் செருமலுக்கு நான் கைய எடுத்திருக்கணும்.

ரங்கூன் பழைய ஆள்:
தட்டோன் தம்பி, ரெண்டு தடவ படிச்சேன். போன புரட்டாசியில ஊசி போட்ட கன்னு ஒண்ணு எங்கிட்டயும் இருமித்தான் செத்துது. கழுத்து வீங்கவே இல்ல. அத மேல எழுதாம விட்டேன், எழுதியிருக்கணும்.

பெகு பால்வீடு:
மோல்மேன் தம்பி, பன்னெண்டு வயசுல உனக்கு என்ன தெரியும்? எனக்கு நாப்பத்தஞ்சு.

கேட்டவங்களுக்கு: கிடேரி பொழைச்சுது. டாக்டர் மருந்த மாத்தினதும் பத்து நாள்ல இரைப்பு இறங்கிச்சு, மூட்டு வத்த ரெண்டு மாசமாச்சு. மடிநோய் மாட்டத் தனியாக் கட்டிக் கடைசியாக் கறக்குறேன், அந்தப் பாலக் குழியில ஊத்துறேன். கிடேரி இப்ப சினை. காது நிமிரல. தவிட்டுத் தொட்டிக்கு இன்னும் தலையச் சாய்ச்சுக்கிட்டேதான் வருது, நான் வலது பக்கம் நின்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்குது.