கடபயாதியில் தீரசங்கராபரணத்துக்கு 26 வருகிறதே? இரண்டாம் வருட இசைத் தியரி சந்தேகங்கள்

நொய்யல்குரல்:
கோயமுத்தூர்ப் பக்கம் பி.ஏ. இசை இரண்டாம் வருசமுங்க. பாட்டுல பிரச்சினை இல்லை, தியரித் தாள்லதான் மார்க் போகுது. மாட்டிக்கற இடம் நாலு:

ராகப் பேர் எழுத்திலிருந்து மேள எண் (தாய் ராகத்தோட வரிசை எண்) கண்டுபிடிக்கற கடபயாதி கணக்கைப் போட்டா தீரசங்கராபரணத்துக்கு 26 வருது, கரகரப்ரியாவுக்கு 21 வருது. ஹனுமதோடி மட்டும் ஒழுங்கா 8 வருது. அட்டவணையைத் தப்பா படிச்சுட்டனா?

எண்ணைக் குடுத்து ஸ்வரம் எழுதச் சொன்னா பாதி சரி, பாதி தப்பு. ஆறு ஆறு மேளமாப் பிரிச்ச சக்கரத்துல, 30ஆவது மேளத்தை ஆறாவது சக்கரம்னு எழுதிட்டேன்.

35 தாளத்தையும் அட்சரத்தோட மனப்பாடம் பண்ணினா ஒரு வாரத்துல மறந்துபோகுது. வெறும் ‘ஜம்பை தாளம்’னு கேட்டா 7ஆ, 10ஆ?

கடைசியா, அவிநாசிப் பதிகத்துக்குப் பண் குறிஞ்சின்னு போட்டிருக்கு. நான் படிச்ச குறிஞ்சி ராகம் மாதிரி ஓதுவார் பாடறதே இல்லீங்களே?

பவானிவீணை:
அட்டவணை தப்பில்லீங்க, எழுத்துதான் தப்பு. கடபயாதி வடமொழி எழுத்துக்குன்னு வச்ச கணக்கு. அங்கே க நாலு, த நாலு, ப நாலு. தமிழ்ல எழுதினா நாலும் ஒரே உருவம். அதனால எல்லாத்தையும் முதல் எழுத்தா எடுத்துக்கறீங்க. வல்லினத்துக்கு மேல நம்பர் போட்டு எழுதிப் பழகுங்க:

க¹ 1, க² 2, க³ 3, க⁴ 4, ங 5, ச¹ 6, ச² 7, ஜ 8, ஜ-வின் அழுத்தமான இணை 9, ஞ 0
ட¹ 1, ட² 2, ட³ 3, ட⁴ 4, ண 5, த¹ 6, த² 7, த³ 8, த⁴ 9, ந/ன 0
ப¹ 1, ப² 2, ப³ 3, ப⁴ 4, ம 5
ய 1, ர 2, ல 3, வ 4, ஶ 5, ஷ 6, ஸ 7, ஹ 8

வரிசை தொடங்கற நாலு எழுத்துதான் க-ட-ப-ய. பேரே அங்கிருந்து வந்ததுதான். ராகப் பேர்ல முதல் ரெண்டு எழுத்தை எடுத்து, எண்ணைத் திருப்பிப் போடணும்.

தீர-வில் வர்றது த⁴, அதாவது 9. ர 2. திருப்பினா 29. கர-வில் க², ஆக 22. ஹனு-வில் வல்லினமே இல்லாததால உங்களுக்குச் சரியா வந்துச்சு, அவ்வளவுதான்.

இதுல ஒரு வில்லங்கம். தப்பாப் போட்டாலும் விடையா ஒரு உண்மையான மேளம் வந்து உட்கார்ந்துக்கும், சந்தேகமே வராது:

தீரசங்கராபரணம் 29, தப்பினா 26 சாருகேசி
கரகரப்ரியா 22, தப்பினா 21 கீரவாணி
காயகப்ரியா 13, தப்பினா 11 கோகிலப்ரியா
கமனாச்ரமம் 53, தப்பினா 51 காமவர்த்தனி
தேனுகா 9, தப்பினா 6 தானரூபி

காயக, கமன ரெண்டுலயும் க³, தேனுகாவுல த⁴. இந்த அஞ்சையும் கையால பத்து தடவை போட்டுப் பாத்தா மீதி தானா வந்துடும். தீர, மேச, ஹனும மாதிரி முன்னொட்டெல்லாம் எண்ணுக்காகவே ஒட்டவச்சதுன்னு தெரிஞ்சா, ‘சங்கராபரணம்’, ‘கல்யாணி’ன்னு மட்டும் வச்சுக் கணக்குப் போடற தப்பும் நின்னுடும்.

கூட்டெழுத்து வந்தா எதை எண்ணறதுன்னு அடுத்து கேப்பீங்க. ஒரே விதி கிடையாது. ரத்னாங்கி (2), சூர்யகாந்தம் (17), ஷட்விதமார்க்கிணி (46), ஷண்முகப்ரியா (56), தர்மவதி (59) இதுல எல்லாம் பின்னாடி இருக்கற மெய்யை எண்ணணும். சக்ரவாகம் (16), திவ்யமணி (48), விஸ்வம்பரி (54), ச்யாமளாங்கி (55), சிம்மேந்திரமத்யமம் (57), சித்ராம்பரி (66), ஜ்யோதிஸ்வரூபிணி (68) இதுல முன்னாடி இருக்கறது. இதை விதின்னு விளக்கப் பாக்காம, இந்தப் பன்னிரண்டை மட்டும் மனப்பாடம் பண்ணிடுங்க.

சித்தோடு_பிடில்:
ஸ்வரம் எழுதற கணக்குக்கு வர்றேன். 36-க்கு மேல இருந்தா 36-ஐக் கழிச்சு, பிரதி மத்யமம்னு (ம₂) ஓரத்துல குறிச்சுக்கணும்; இல்லேன்னா ம₁. மீதியை 6-ஆல வகுக்கணும். மிச்சம் வந்தா, ஈவோட 1 கூட்டினா சக்கரம். மிச்சம் எத்தனையோ, சக்கரத்துக்குள்ள அத்தனாவது மேளம். மிச்சம் 0 வந்தா ஈவுதான் சக்கரம், மேளம் அதுல ஆறாவது. நீங்க 30-ல கோட்டை விட்டது இங்கதான்: 30-ஐ வகுத்தா ஈவு 5, மிச்சம் 0. பழக்கத்துல 1 கூட்டிட்டீங்க. நாகநந்தினி அஞ்சாவது சக்கரத்துல கடைசி மேளம்.

சக்கரத்துக்கு ரி-க (கீழே இருக்கற எண் ஸ்வரத்தோட வகை): 1 ரி₁க₁, 2 ரி₁க₂, 3 ரி₁க₃, 4 ரி₂க₂, 5 ரி₂க₃, 6 ரி₃க₃. சக்கரத்துக்குள்ள த-நி-யும் அச்சு அசல் இதே வரிசை. ஒரே அட்டவணையை ரெண்டு தடவை பயன்படுத்தறோம், அவ்வளவுதாங்க.

65-ஐப் பாருங்க: 36 போக 29. ஆறால வகுத்தா ஈவு 4, மிச்சம் 5. அஞ்சாவது சக்கரம், ரி₂க₃, அஞ்சாவது மேளம், த₂நி₃, மத்யமம் ம₂. மேசகல்யாணி. ஆனா சக்கரத்தோட பேர் கேட்டா அஞ்சாவதோட பேரான ‘பாண’ன்னு எழுதிடாதீங்க. கழிச்ச 36-க்கு 6 சக்கரத்தைத் திரும்பக் கூட்டணும். 11ஆவது, ருத்ர சக்கரம்.

விவாதி மேளம் (ரி₁க₁, ரி₃க₃, த₁நி₁, த₃நி₃ இதுல ஏதாவது வர்ற மேளம்) எத்தனைன்னு ரெண்டு மார்க் கேள்வி வரும். 1, 6, 7, 12 சக்கரங்கள் முழுசும் விவாதி, 24. மீதி எட்டு சக்கரத்துல முதலும் கடைசியும், 16. மொத்தம் 40.

தட்டுவீச்சு:
தாளத்துல மனப்பாடம் பண்ண வேண்டியது ஏழு தாளத்தோட அங்க அமைப்பு மட்டுந்தான், அதாவது லகு, துருதம், அனுதுருதம்ங்கற உறுப்பு எந்த வரிசையில வருதுன்னு. லகுவுக்கு எத்தனை அட்சரம்ங்கறது ஜாதியைப் பொறுத்தது: திச்ரம் 3, சதுச்ரம் 4, கண்டம் 5, மிச்ரம் 7, சங்கீர்ணம் 9. துருதம் எப்பவும் 2, அனுதுருதம் எப்பவும் 1. ஜாதி மாறினாலும் இந்த ரெண்டும் அசையாது.

துருவம்: லகு துருதம் லகு லகு. மூணு லகு, கூட 2
மட்டியம்: லகு துருதம் லகு. ரெண்டு லகு, கூட 2
ரூபகம்: துருதம் லகு. ஒரு லகு, கூட 2
ஜம்பை: லகு அனுதுருதம் துருதம். ஒரு லகு, கூட 3
திரிபுடை: லகு துருதம் துருதம். ஒரு லகு, கூட 4
அட: லகு லகு துருதம் துருதம். ரெண்டு லகு, கூட 4
ஏகம்: ஒரு லகு

சங்கீர்ண துருவம் கேட்டா 9×3+2 = 29. 35-ம் இப்படித்தான்.

ஜாதி சொல்லாம தாளப் பேர் மட்டும் கேட்டா ஜம்பை மிச்ரம், திரிபுடை திச்ரம், அட கண்டம், மீதி நாலும் சதுச்ரம். அதனால வெறும் ஜம்பைன்னா 7+1+2 = 10. நீங்க சொல்ற 7 திச்ர திரிபுடை. துருவம் 14, அட தாளமும் 14. ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிடாதீங்க, அங்கம் வேற. ஆதி தாளம்னா சதுச்ர ஜாதித் திரிபுடைன்னு முழுப்பேர் எழுதுங்க.

செய்முறைத் தேர்வுல அதிகம் விழற தப்பு: மிச்ர லகுவுக்கு ஒரு தட்டு போட்டுட்டு ஏழு விரல் எண்ணறது. தட்டையும் சேத்துத்தான் ஏழு, விரல் ஆறுதான்.

ஜாதியும் கதியும் குழம்பாம இருக்கணும். ஜாதி லகுவோட நீளத்தை மாத்தும், கதி ஒரு அட்சரத்துக்குள்ள மாத்திரையை மாத்தும். கண்ட ஜாதித் திரிபுடைன்னா 9 அட்சரம், சதுச்ர கதியில 36 மாத்திரை. கண்ட கதி ஆதின்னா அட்சரம் எட்டேதான், மாத்திரை 40.

தீர்மானக் கணக்குக்கு (ஒரு சொல்லை மூணு தடவை வாசிச்சு முடிக்கறது) பின்னாலிருந்து வாங்க. ஆதியில ஒரு ஆவர்த்தம் (தாளத்தோட ஒரு முழுச் சுற்று) 32 மாத்திரை. அஞ்சு மாத்திரைச் சொல் மூணு தடவை, நடுவுல ரெண்டு ரெண்டு மாத்திரை கார்வைன்னா (இடைவெளி) 15+4 = 19. சமத்துல (அடுத்த சுற்றோட முதல் தட்டுல) முடியணும்னா 32-ல 19 போக 13. மூணு அட்சரம் முடிஞ்சு, நாலாவதுல ஒரு மாத்திரை விட்டு எடுக்கணும். மூணாவது தடவைக்கு அப்புறமும் கார்வை சேத்தீங்கன்னா சமம் தாண்டிப் போயிடும்.

நொய்யல்குரல்:
கணக்கு புரிஞ்சுதுங்க. 13, 53 ரெண்டையும் போட்டுப் பாத்தேன், சரியா வருது. அப்படியே ரெண்டு: அதீதம்-அனாகதம் எது எது? 29-ல நிஷாதத்தை ஸ-வா மாத்தி வச்சுப் பாக்கற கிரகபேதத்துல என்ன மேளம்?

தட்டுவீச்சு:
பாட்டு முந்தித் தாளம் பிந்தினா அதீதம். தாளம் முந்திப் பாட்டு பிந்தினா அனாகதம். எதிலிருந்து எண்ணறோம்? தாளத்தோட சமத்திலிருந்துதான்.

சித்தோடு_பிடில்:
29-ல ரி கரகரப்ரியா, க தோடி, ம கல்யாணி, ப ஹரிகாம்போஜி, த நடபைரவி. நிஷாதத்துக்கு மேளமே வராது. ஆர்மோனியத்துல வெள்ளைக் கட்டையில் நி-யில் தொடங்கிப் பாருங்க: ம₁, ம₂ ரெண்டும் விழும், பஞ்சமம் கிடைக்காது. விடையில அந்தக் காரணத்தையும் எழுதணும். ‘வராது’ன்னு மட்டும் எழுதினா பாதி மார்க்தான்.

இன்னொண்ணு, கேள்வித்தாள்ல 22-க்கு ‘ஸ்ரீ’, 20-க்கு ‘நாரீரீதிகௌளை’ன்னு இருந்தா அச்சுப்பிழைன்னு நெனைக்காதீங்க. அது கனகாம்பரி வரிசை, 72 மேளத்துக்கு இன்னொரு பேர் வரிசை, தீட்சிதர் பரம்பரை கையாண்டது. கேள்வி எந்த வரிசையில இருக்கோ அதே வரிசையில பதில் எழுதுங்க.

கொடுமுடி_பண்:
பண் கேள்வியை யாரும் தொடலையே. பண் குறிஞ்சி வேற, ராகம் குறிஞ்சி வேறங்க. பேர்தான் ஒண்ணு. ஓதுவார் மரபுல குறிஞ்சிப் பண்ணை ஹரிகாம்போஜியில பாடறாங்க. குறிஞ்சி ராகமோ சங்கராபரணத்தோட ஜன்யம் (அதுல பிறந்த ராகம்). நிஷாதத்தைக் கவனிச்சாப் போதும்: பதிகத்துல நி₂, ராகத்துல நி₃. அதனாலதான் உங்க காதுக்கு ஒட்டலை.

சுந்தரரோட கொடுமுடிப் பதிகத்துக்கும் திருமுருகன்பூண்டிப் பதிகத்துக்கும் பண் பழம்பஞ்சுரம், இப்பப் பாடறது சங்கராபரணம். தக்கேசி காம்போஜி, கௌசிகம் பைரவி. பண் பேரைக் குடுத்து ராகம் கேட்டா ‘இன்று வழங்கும் ராகம்’னு சேத்து எழுதுங்க. பண்ணும் ராகமும் ஒண்ணேன்னு எழுதினா, கொஞ்சம் கறாரான ஆசிரியர் சுழிச்சுடுவார்.

இசைக் கல்வெட்டுன்னு கேள்வி வந்தா எல்லாரும் ஸ்வரம் பொறிச்ச குடுமியான்மலைக் கல்வெட்டோட நிறுத்திடறாங்க. நம்ம ஈரோட்டுப் பக்கம் அறச்சலூரையும் எழுதுங்க. நாகமலைக் குகையில தமிழ் பிராமி எழுத்துல ‘த தை தா தை த’ன்னு தொடங்கி, வரிக்கு அஞ்சு எழுத்தா அஞ்சு வரி இருக்கு. இடமிருந்து படிச்சாலும் மேலிருந்து படிச்சாலும் ஒண்ணேதான் வரும். ஆனா அது ஸ்வரமில்லை, ஆடலுக்கான சொல்கட்டு. குடுமியான்மலையோட சேத்து ‘ஸ்வரக் கல்வெட்டு’ன்னு எழுதிடாதீங்க.