கடையில் வாங்கிய கினோவாவை டென்மார்க்கில் விதைத்தால் விளையுமா?

யூட்லாந்துத் தம்பி:
ஊருக்கு வெளியே 200 சதுர மீட்டரில் ஒரு தோட்டத் துண்டு கிடைத்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் பாதி நிலத்தில் கினோவா போடப் போகிறேன், அரிசிபோல அவித்துச் சாப்பிடுகிற தென்னமெரிக்கச் சிறு மணிதான். விதைக்குக் கடையில் விற்கிற பொலிவியாக் கினோவாவே போதும் என்பது என் எண்ணம். அது உயூனி உப்புவெளியின் ஓரத்தில், 3,600 மீட்டருக்கு மேல் விளைகிறது. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, இரவில் உறைபனி, மணலில் உப்பு, இத்தனையையும் தாங்குகிற பயிருக்கு எங்கள் நல்ல கறுப்பு மண் என்ன சோதனை? இதற்கு ஏன் தனியாக விதை வாங்க வேண்டும்?

மண்வெட்டி:
தம்பி, வேண்டாம். நீங்கள் சொல்வதை அப்படியே செய்து பார்த்தவன் நான். முளைத்தது, செழித்தது, ஓகஸ்ட்டில் என் தலைக்கு மேல் நின்றது, பார்க்கிறவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். ஒக்டோபரில் ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன், பச்சைத் தூளும் வெறும் உமியும்தான், ஒரு மணி கிடையாது. குளிர் அதைக் கெடுக்கவில்லை, பகல்தான் கெடுத்தது. உயூனியில் மிக நீண்ட பகலே பதின்மூன்று மணிநேரம் சொச்சம், எங்களுக்கு ஜூனில் பதினேழைத் தாண்டும். அந்தச் செடி பூப்பதற்கும் குறுகிய பகலைத்தான் தேடும், பூத்த பிறகு மணி பால்பிடிப்பதற்கும் அதுவேதான் வேண்டும்.

யூட்லாந்துத் தம்பி:
அப்படியென்றால் டென்மார்க்கில் வயல் வயலாக அறுக்கிறார்களே, அது கினோவா இல்லையா அண்ணை?

மண்வெட்டி:
கினோவாதான், ஆனால் வேறு வம்சம். இங்கே போடுவது டிட்டிகாக்கா, பூனோ என்ற இரண்டு ரகங்கள். பெயர் அந்தீஸ் மலை ஏரியையும் அதன் கரையில் உள்ள ஊரையும் சொன்னாலும், இரண்டையும் தெரிந்தெடுத்து உருவாக்கியது டென்மார்க்கில்தான், அதிலே சிலி நாட்டுக் கரையோரக் கினோவாவின் இரத்தம் இருக்கிறது. தெற்குச் சிலியில் டெமூக்கோ பக்கம் கடல் மட்டத்தை ஒட்டி விளைகிற இனம் அது. அங்கே ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, கோடையில் பகலும் நீளம். அதனால் பகலின் நீளத்தை அது அவ்வளவாகக் கணக்கெடுப்பதில்லை, செப்டெம்பருக்குள் முற்றிவிடும். ஐரோப்பாவில் ஓடுகிற ரகங்களைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இந்தச் சிலி வழிதான் வரும். மலையின் உயரத்தைப் பார்த்து விதை எடுக்காதீர்கள் தம்பி, அந்த ஊர் நிலநடுக்கோட்டில் இருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

யூட்லாந்துத் தம்பி:
பகல் விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தாங்கும் சக்தி எல்லாக் கினோவாவுக்கும் பொதுதானே? இளம் இலையைத் தொட்டால் விரலில் மினுமினுவென்று ஒட்டுகிற வெள்ளிப் பொடி, அது உப்பைச் சேர்த்து வைக்கிற நுண்ணிய பைகள் என்று படித்தேன். எந்த ரகத்திலும் அது இருக்கிறது.

கீரைக்காரி:
நான் கோபன்ஹேகனில் இருக்கிறேன், இடையில் ஒரு வார்த்தை. அந்தப் பைகளைப் பற்றி நாமெல்லாம் பல வருடம் நம்பியது அதுதான். இங்கே பல்கலைக்கழகத்தில் அந்தப் பைகளே இல்லாத செடிகளை வைத்து உப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், மற்றச் செடிகளைவிட அவை ஒன்றும் மோசமாகிவிடவில்லை. ஆனால் பூச்சிகள் அவற்றை நன்றாகத் தின்றன. ஆகவே அந்த மினுமினுப்பு பூச்சிக்கு எதிரான கவசம் என்று 2023-ல் எழுதினார்கள்.

யூட்லாந்துத் தம்பி:
அப்போ அக்கா, நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள்! பை இல்லாமலேயே உப்பைத் தாங்குகிறது என்றால் செடி இன்னும் கெட்டி என்றுதானே அர்த்தம்?

கீரைக்காரி:
உப்பைத் தாங்கும், அதை நான் மறுக்கவில்லை, அதிலும் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. ஆனால் உங்கள் மண்ணில் உப்பு எங்கே இருக்கிறது தம்பி? உங்களுக்கு இருப்பது ஈரம். ஜூலையில் நாலு நாள் விடாமல் தூறினால் அடிச்சாம்பல் நோய் வரும், இலைக்கு மேலே மஞ்சள் திட்டு, அடியில் சாம்பல் பூஞ்சை, அப்புறம் இலை உதிரும். காய்ந்த காற்றில் தலைமுறை தலைமுறையாக நின்ற உப்புவெளிக் கினோவாவுக்கு அது பழக்கமில்லாத எதிரி. வெயிலும் அப்படித்தான். பூக்கிற நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்களில் மணி பிடிக்காது. எதையும் தாங்கும் பயிர் என்று விற்கிறார்களே, அதை நம்பி விதைத்து ஒரு போகத்தை இழக்கிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

மண்வெட்டி:
இன்னொன்று. கடை மணியைக் கசப்பு போகத் தீட்டித்தான் விற்பார்கள். அவித்தால் வெள்ளை வளையமாகக் கழன்று வருகிறதே, அதுதான் முளை, மணியின் வெளி ஓரத்தைச் சுற்றித்தான் இருக்கும். தீட்டும்போது அடிபடுவது முதலில் அதுதான். எனக்கே பாதிதான் முளைத்தது.

யூட்லாந்துத் தம்பி:
சரி, டிட்டிகாக்கா விதைக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஓரத்தில் இரண்டு வரி பொலிவியா மணி போடத்தான் போகிறேன், என் கண்ணால் பார்க்க வேண்டும். தூவி விதைக்கலாமா?

கீரைக்காரி:
தூவாதீர்கள். உங்கள் மண்ணில் தானாக முளைக்கிற களை ஒன்று இருக்கும், எங்கள் ஊரில் சக்கரவர்த்திக் கீரை என்போம், கினோவாவுக்கு நெருங்கிய சொந்தம். நாலு இலைப் பருவத்தில் எது எது என்று எனக்கே தெரியாது. கயிறு கட்டி நேர் வரியாக, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள், வரிக்கு வெளியே முளைப்பதைப் பிடுங்கிக் கடைந்து சாப்பிடுங்கள்.