வாடகை வீட்டுச் செலவு: எதை முதலில் செய்யலாம்?

வணக்கம். தாம்பரம் பக்கம் எங்களுக்கு மாடியும் கீழுமாக இரண்டு போர்ஷன் உள்ள பழைய வீடு இருக்கிறது. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வாடகை 11,000. அடுத்த ஆளை வைப்பதற்குள் வேலை பார்க்கலாம் என்று 2.5 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன்.

மொட்டை மாடியில் தட்டோடு விரிசல் விட்டு, மழைக்குப் படுக்கையறைச் சுவர் ஓதம் காத்துவிட்டது. வயரிங்கும் பழசு, மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கிடையாது. இவை இரண்டும் தள்ளிப்போடக் கூடாதவை என்பது என் எண்ணம். வீட்டம்மாவோ மாடுலர் கிச்சன் போட்டால் 13,000 கேட்கலாம் என்கிறார். கிடைத்தாலும் வருடத்துக்கு 24,000தான் கூடுதல். முழுப் பணத்தையும் போட்டால் திரும்ப வரவே பத்து வருடம் தாண்டும். வரியிலும் தனிச் சலுகை இல்லை: பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வாடகை வருமானத்தில் அதே 30 சதவீதக் கழிவுதான்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதா, மேலேயே வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங் அடித்தால் போதுமா? கோட்டிங் எத்தனை மழை தாங்கியது? அப்புறம், கீழே ஆள் குடியிருக்கும்போதே வயரிங் மாற்றியவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? லேபர் தனி, மெட்டீரியல் தனி என்று பிரித்துக் கொடுத்தவர்கள் சதுர அடிக் கணக்கையும் சொன்னால் நல்லது.