ஏயோலியனைட்: 'எக்கர்ப்பாறை' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காற்று குவித்த சுண்ணாம்பு மணல் இறுகி உண்டான பாறையை ஏயோலியனைட் என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே நம் பேச்சு. மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரீக்ஸ் தீவின் தென்மேற்குக் கரையில் அந்தப் பாறை இருக்கிறது; அதற்குப் 'பவளப்பாறை' என்ற சொல்லே போதும் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இடத்தின் பெயரே பிளேன் கொராய், அதாவது பவளச் சமவெளி. அதனால்தான் இங்கே மொரீஷியஸில் நம் பிள்ளைகளும் அதைப் பவளம் வளர்ந்து இறுகிய பாறை என்றே நினைக்கிறார்கள். எரிமலைக் கல்லையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கரும்புத் தோட்டம் முழுக்க அந்தக் கறுப்புக் கல்தானே குவிந்து கிடக்கிறது!

பிளேன் கொராயில் இருப்பது காற்று குவித்த மணல். பவளமும் சிப்பியும் நொறுங்கிய பொடியை அலை கரையில் ஒதுக்கியது. காற்று அதை அள்ளி மேடாக்கியது. பிறகு மழைநீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து, மணிகளுக்கு இடையே மறுபடியும் படியவிட்டு, எல்லாவற்றையும் கல்லாக ஒட்டிவிட்டது. பிளீஸ்டோசீன் என்ற பனியுகக் காலத்து வேலை இது. வெட்டுமுகத்தில் பார்த்தால் அடுக்குகள் சாய்ந்து கிடக்கும்; ஒரு சாய்வை இன்னொரு சாய்வு வெட்டிக்கொண்டு போகும். மணல்மேடு நகர்ந்த தடம் அது. அங்குள்ள குகைகளைக் குடைந்ததும் அதே மழைநீர்தான். அழிந்துபோன சாலிட்டேர் என்ற பறக்காத பறவையின் எலும்புகள் அந்தக் குகைகளில்தான் கிடைத்தன.

அப்புறம், 'வளிமணற்கல்' என்ற இன்னொரு பரிந்துரை. 1931இல் பெர்முடா பாறைகளைப் பற்றி எழுதியபோது சேல்ஸ் என்பவர் கிரேக்கக் காற்றுத் தெய்வத்தின் பெயரிலிருந்து ஏயோலியனைட் என்ற சொல்லை ஆக்கினார். அந்த வகையில் 'வளி' பொருத்தமே. ஆனால் மணற்கல் என்றதும் மாணவருக்குப் படிகக்கல் (குவார்ட்ஸ்) மணல்தான் நினைவுக்கு வரும். இதுவோ காடி (அமிலம்) பட்டால் பொங்கும் சுண்ணாம்பு.

என் பரிந்துரை எக்கர்ப்பாறை. நெய்தல் பாட்டுகளில் கரையோரம் குவிந்த மணலுக்கு எக்கர் என்றே பெயர். அலை இட்ட மணலைத்தானே எக்கர் என்பார்கள், காற்று எங்கே வந்தது என்று கேட்கலாம். சரியான கேள்விதான். இங்கேயும் மணலை முதலில் கொண்டுவந்தது அலைதான். காற்று அதை உயர்த்தியது. குவிந்த மணல் என்ற பொருள் எக்கரில் இருக்கிறது. ஒரு நல்ல பழஞ்சொல்லுக்குப் புது வேலையும் கிடைக்கும்.

அலை ஏறி இறங்கும் இடத்திலேயே இறுகி, கடலை நோக்கி மெல்லச் சாயும் பாறை வேறு வகை. அதை இதனோடு குழப்ப வேண்டாம். அதற்கு 'அலைவாய்ப்பாறை' என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊர் மீனவர்களிடம் இந்த இரண்டுக்கும் வேறு சொல் வழங்கினால் அவசியம் எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் என் சொல்லை விட்டுவிட நான் தயார்.