பாதி சைக்கிள், பாதி ரயில்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்லிக்குப்பம் ரோடு:

எனக்கு வீடு கூடுவாஞ்சேரி. ஸ்டேஷனுக்குப் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், நெல்லிக்குப்பம் ரோட்டில் நான்கு கிலோமீட்டர் உள்ளே. வேலை கிண்டி எஸ்டேட்டில். நடுவில் இருக்கும் தூரத்தை மின்சார ரயில் பார்த்துக்கொள்ளும். இரண்டு முனையிலும்தான் பிரச்சினை. ஷேர் ஆட்டோ நிறைகிற வரை உட்கார்ந்திருந்து, ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது கண் முன்னால் ரயில் கிளம்பிப் போவதைப் பார்த்து வெறுத்துப் போய்த்தான் சைக்கிளுக்கு வந்தேன்.

முதலில் சைக்கிளையே ரயிலில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெண்டர் பெட்டியில். கீரைக்கட்டு, மீன்கூடை, நடுவில் நானும் என் சைக்கிளும். கீரைக்கார அம்மா ஒருவர் பெடல் காலில் படாமல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஏன்பா, அதான் சைக்கிள் இருக்குதே, ஓட்டிக்கினே போக வேண்டியதுதானே?" என்றார். பெட்டியே சிரித்தது. இறங்கிய இடத்தில் பரிசோதகர் லக்கேஜ் சீட்டு எங்கே என்றார். தண்டம் கட்டிவிட்டு வந்தேன். தப்பு என் மேல்தான்.

அப்புறம் வந்த யோசனைதான் இப்போது மூன்று வருடமாக ஓடுகிறது. இரண்டு சைக்கிள். நல்லது வீட்டில். 1,200 ரூபாய்க்கு வாங்கிய பழையது கிண்டி பக்கம். காலையில் நல்ல சைக்கிளை இந்தப் பக்க ஸ்டாண்டில் விட்டுவிட்டு ரயில் ஏறுவேன். அந்தப் பக்கம் இறங்கினால் பழையது காத்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புவேன். ஒன்று பகலில் ஸ்டாண்டில் தூங்கும், இன்னொன்று ராத்திரியில் தூங்கும்.

இப்போது ஒரு சின்ன மர்மம். ஒரு மாதமாக, காலையில் போனால் பழைய சைக்கிளின் சீட் நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது. திருகு வைத்த பழைய மாடல், ஸ்பேனர் போட்டால்தான் இறங்கும். யாரோ வேலை மெனக்கெட்டு இறக்குகிறார்கள். பெல் அப்படியே இருக்கிறது, காற்று அப்படியே இருக்கிறது. செயினில் எண்ணெய் கூடப் போட்டிருக்கிறார்கள்! நான் போடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? சைக்கிளையும் ரயில், பஸ்ஸையும் சேர்த்து ஓட்டுகிறவர்கள் மற்ற கதைகளையும் சொல்லுங்கள்.

உத்ரெக்ட் வாசி:

அண்ணா, நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்கும் இரண்டு சைக்கிள் வித்தை நெதர்லாந்தில் ஊர் வழக்கம். வீட்டுக்கு ஒன்று, வேலை பார்க்கும் ஊர் ஸ்டேஷனில் நிரந்தரமாக ஒரு பழைய டப்பா. இந்த டப்பாவுக்கு இங்கே தனிப் பெயரே உண்டு, 'ஸ்டாட்சியோன்ஸ்ஃபீட்ஸ்'. திருடனுக்கே பிடிக்காத அளவுக்கு அசிங்கமாக இருந்தால்தான் அது நல்ல ஸ்டேஷன் சைக்கிள்.

ரயிலில் சைக்கிள் ஏற்றலாம், ஆனால் அதற்குத் தனி டிக்கெட். வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9 வரைக்கும், மாலை 4 முதல் 6.30 வரைக்கும் ஏற்றவே கூடாது. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் விதிவிலக்கு. மடக்குச் சைக்கிளுக்கு எந்த நேரமும் இலவசம். ஆக, ஆபீஸ் நேரத்தில் சைக்கிளை எங்காவது விட்டுவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். அந்த 'எங்காவது' என்பதில்தான் இவர்கள் காசைக் கொட்டியிருக்கிறார்கள். உத்ரெக்ட் ஸ்டேஷனுக்கு அடியில் மூன்று தளம், 12,500 சைக்கிள். உள்ளே ஓட்டிக்கொண்டே போகலாம், எந்த வரிசையில் எத்தனை இடம் காலி என்று பலகை காட்டும், முதல் 24 மணி நேரம் காசு கிடையாது.

வந்த புதிதில் அங்கே சைக்கிளை விட்டுவிட்டு, மாலையில் எந்தத் தளம் என்றே மறந்துபோய், முக்கால் மணி நேரம் தேடினேன். 12,500-இல் பாதி கறுப்பு, என்னுடையதும் கறுப்பு. கடைசியில் காப்பாற்றியது ஊரிலிருந்து கொண்டுவந்து ஹேண்டில்பாரில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம். காய்ந்து நெல்லிக்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொள்கிறேன், எலுமிச்சம்பழமும் இருக்கிறது.

வந்தவாசிக்காரி:

நீங்கள் சொல்லும் ஸ்டாண்டு எல்லாம் எனக்கு ரொம்பப் பிந்தி வந்தவை. எங்கள் ஊருக்குள் பஸ் ஒரு நாளைக்கு இரண்டு நடைதான். மெயின் ரோடு ஐந்து கிலோமீட்டர். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்தான் என்னைச் செய்யாறு காலேஜ் வரை படிக்க வைத்தது என்று சொன்னால் மிகையில்லை. சைக்கிள் செய்யாறுக்குப் போனதே இல்லை. மெயின் ரோட்டு டீக்கடைத் திண்ணை வரைக்கும்தான் போகும். அங்கே சார்த்திவிட்டு பஸ் ஏறுவோம். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழு பேர், ஏழு சைக்கிள், ஒரே மாதிரி. எது யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு கலரில் ரிப்பன் கட்டியிருந்தோம்.

ஒரு நாள் ஐப்பசி மழையில் பஸ் லேட். மற்றவர்கள் முந்தின பஸ்ஸில் போய்விட்டார்கள், நான் மட்டும் பிராக்டிகல் முடிந்து வருகிறேன். இறங்கும்போது கும்மிருட்டு, கரண்ட் இல்லை, கடை சாத்தியிருக்கிறது. என் சைக்கிளை யாரும் தூக்கிவிடக் கூடாதே என்று கடைக்கார மாமா தூணோடு சேர்த்துத் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நல்ல எண்ணம்தான், சாவி அவர் வீட்டில்! நான் திருதிருவென முழிப்பதைப் பார்த்த கண்டக்டர் விசில் ஊதவே இல்லை. டிரைவர் ஹாரனை நாலு தடவை நீட்டி அடித்தார். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கை முக்காடு போட்டபடி ஓடி வந்தார். பூட்டைத் திறந்து நான் ஏறி ஊர்ப்பாதைக்குத் திரும்பும்வரை பஸ் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. பஸ் முழுக்க ஆள், யாரும் 'போகலாம்' என்று சத்தம் போடவில்லை.

இப்போது அக்கா மகள் அதே வழியில் போகிறாள். சைக்கிள் இலவசம், 2021-இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இலவசம். டீக்கடை இருந்த இடத்தில் ஸ்டாண்டு வந்துவிட்டது. அதற்கு மட்டும் தினம் பத்து ரூபாய்!

ஈசூன் தமிழன்:

சிங்கப்பூரில் மடக்குச் சைக்கிள் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் நெரிசல் இல்லாத நேரத்தில்தான் எம்.ஆர்.டி. மெட்ரோ ரயிலில் விடுவார்கள். 2016 டிசம்பரில் நாள் முழுக்க அனுமதித்துச் சோதனை பார்த்தார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அளவு 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஸ்டேஷனுக்குள் வந்ததிலிருந்து வெளியே போகும்வரை மடித்தே வைத்திருக்க வேண்டும். இரட்டை மாடிப் பேருந்தில் மேல்தளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அதைத் தூக்கிக்கொண்டு யார் படியேறப் போகிறார்கள்!

விதிப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மடக்கினால் செயின் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். என்னுடையது வெளிப்பக்கம். முதல் வாரத்திலேயே வெளிர்நிறக் கால்சட்டை போட்ட ஒருவரின் முழங்காலுக்குக் கீழே வரிசையாகக் கறுப்புப் பல் பதிந்துவிட்டது. மனிதர் ஒன்றும் சொல்லவில்லை, கால்சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம். அன்று முதல் அம்மாவின் பழைய தலையணை உறையைத் தூக்கிச் சைக்கிளுக்கு மாட்டிவிடுகிறேன்.

டைனமோ:

@நெல்லிக்குப்பம் ரோடு, உங்கள் சீட் விஷயத்தில் என் சந்தேகம் ஸ்டாண்டுக்காரர் மேல். ராத்திரி உங்கள் வண்டியில் சாப்பாடு வாங்கப் போகிறார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் பங்குக்கு: ராமேஸ்வரம் போய் தனுஷ்கோடி வரை மிதிக்கலாம் என்று சைக்கிளை அதே ரயிலில் பிரேக் வேனுக்கு, அதாவது பார்சல் ஏற்றும் பெட்டிக்கு, பதிவு செய்தேன். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, சாக்குத் தைத்து, மேலே பெயர் எழுதி எல்லாம் முறைப்படி. நான் போய்ச் சேர்ந்தேன். சைக்கிள் இரண்டு நாள் கழித்து வந்தது, அன்றைக்குத்தான் எனக்குத் திரும்பும் டிக்கெட். கையெழுத்துப் போட்டு வாங்கி, சாக்கைப் பிரிக்காமல் அப்படியே திரும்பப் பதிவு செய்தேன். என் சைக்கிளும் ராமேஸ்வரம் பார்த்துவிட்டது, அவ்வளவுதான்.

கொடிகாமத்தார்:

பிள்ளைகள், நீங்கள் எல்லாரும் பெட்டிக்குள் ஏத்துறதைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்கட காலத்தில் யாழ்ப்பாணப் பக்கம் கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் தட்டிவான் ஓடினது. பின்னுக்கு ஒரு பலகைத் தட்டி இருக்கும், அதை இறக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டால் அதுவும் இடம்தான். உள்ளே ஆக்கள், கூரையில் வாழைக்குலையும் மரக்கறி மூட்டையும், அதுக்கு மேலே சைக்கிள். சந்தைக்கு வரும்போது மூட்டையோடு வானில் வந்து, எல்லாம் வித்துப்போட்டு வெறுங்கையோடு சைக்கிளை உழக்கிக்கொண்டு வீட்டை போறவை இருந்தார்கள். அறிவித்தல் பலகைகளில் மட்டும் அது 'துவிச்சக்கர வண்டி', மற்றும்படி எல்லாருக்கும் சைக்கிள்தான்.

பிறகு தொண்ணூறுகளில் சண்டைக் காலத்தில் பொருளாதாரத் தடை வந்து எரிபொருள் இல்லாமல் போனபோது யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடினது. தரைவழியான ஆனையிறவுப் பாதை மூடின பிறகு தெற்கே வன்னிக்குப் போறதெண்டால் கிளாலிக் கடல்தான். இரவில், விளக்கில்லாத வள்ளத்தில். நானும் என்ர சைக்கிளைப் படுக்கவைத்து, சில்லைக் கையால் பிடித்தபடி கடந்தேன். சில்லு சுத்திச் சத்தம் போடக் கூடாதெண்டுதான் பிடிச்சது. அலைச் சத்தத்தில் அது ஆருக்குக் கேக்கப் போகுது? ஆனாலும் அக்கரை வரைக்கும் விடேல்லை.

மழையூர்:

கொடிகாமம் ஐயா எழுதியதற்குப் பிறகு என் கதையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சரி, சொல்லிவிடுகிறேன். சியாட்டிலில் பஸ்ஸின் மூக்கிலேயே மூன்று சைக்கிள் மாட்டும் ரேக் உண்டு. மடக்கி வைத்திருக்கும் ரேக்கை நாமே இறக்கி, வண்டியை வைத்து, முன்சக்கரத்தின் மேல் கொக்கியை இழுத்துப் போட வேண்டும். அரை நிமிட வேலை, ஆனால் பஸ் முழுக்க நம்மையே பார்க்கும்போது கை நடுங்கும். ஒரு நாள் போனில் பேசிக்கொண்டே பின்கதவு வழியாக இறங்கிவிட்டேன். பஸ் நகர்ந்து திரும்பியபோதுதான் பார்க்கிறேன், என் சைக்கிள் முன்னால் கம்பீரமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த சிக்னல் வரை ஓடினேன், பிடிக்க முடியவில்லை. நான்கு நாள் கழித்து, தவறவிட்ட பொருட்கள் வைக்கும் இடத்தில் கிடைத்தது. இப்போது முன்கதவு வழியாக மட்டும்தான், 'சைக்கிளை எடுக்கப் போகிறேன்' என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன்.

டைனமோ:

நம் பக்கமும் கொஞ்சம் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கொச்சி மெட்ரோவில் 2020 நவம்பரிலிருந்து மடக்காத சைக்கிளையே ஏற்றலாம். பெங்களூரு மெட்ரோவில் 2022-இலிருந்து மடக்குச் சைக்கிள். ஆனால் என்னைக் கேட்டால், மின்சார ரயிலின் எட்டு மணிக் கூட்டத்தில் சைக்கிளுக்கு இடம் கேட்பது நியாயமில்லை, மனிதனே ஒற்றைக் காலில் நிற்கிறான். ஸ்டாண்டுக்குக் கூரை போட்டு, பைக்குகள் விழுங்காமல் சைக்கிளுக்கென்று ஒரு வரிசை ஒதுக்கினால் போதும். இப்போது பைக்குக்கு நடுவில் மாட்டிய சைக்கிளை உருவுவதற்குள் ரயிலைப் பிடித்த சந்தோஷமே போய்விடுகிறது.

நெல்லிக்குப்பம் ரோடு:

டைனமோ, பாதி சரி. ஸ்டாண்டுக்காரர்தான், ஆனால் சாப்பாடு வாங்க இல்லை.

நேற்று ஓவர்டைம். ராத்திரி பத்தரைக்கு சைக்கிளை விடப் போனேன். ஸ்டாண்டு கிட்டத்தட்ட காலி, ஒரே ஒரு டியூப்லைட். அவருடைய மகள், எட்டு ஒன்பது வயது இருக்கும், வேறு ஒரு பழைய சைக்கிளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் செத்துவிட்டது. "சார், உங்க வண்டிதான் லேசா இருக்கும், அதுலதான் கத்துக்குது. காலைல ஏத்தி வைக்கணும்னுதான் நெனைப்பேன், மறந்துடுது" என்றார். அந்தப் பெண் பிரேக் பிடிக்கத் தெரியாமல் தூணில் முட்டி நின்றது. நான் வந்த வண்டியை நீட்டினேன். அவர் ஸ்பேனரை எடுத்து வந்தார்.

சீட் கம்பியில் ஆக்சா பிளேடால் இரண்டு கோடு கீறி வைத்திருக்கிறோம். மேல் கோடு எனக்கு.