ஹம்பக்கர்: ‘இரைச்சல் நீக்கி’ வேண்டாம், ‘உறுமல்முறி’ என்போம்

வணக்கம்.

> கிட்டார் பிக்கப் மின்சுற்றுக் கட்டுரையில் ஹம்பக்கரை ‘இரைச்சல் நீக்கி’ என்று எழுதலாமா? எல்லாருக்கும் எளிதில் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் காந்தச்சுருள், இரண்டு சுருள் வைத்த பிக்கப்தான் ஹம்பக்கர். ‘இரைச்சல்’, ‘நீக்கி’ இரண்டு சொல்லிலும் எனக்கு மறுப்பு உண்டு.

‘இரைச்சல்’ என்பது எல்லா வகைக்கும் பொதுப்பெயர். சுருளின் மின்தடையிலிருந்தே எழும் வெப்ப இரைச்சலும் அதில் அடக்கம். ஹம்பக்கர் அதைத் தொடுவதே இல்லை. இரண்டு சுருள் தொடராக நிற்பதால் தடை கூடி, அது சற்று ஏறவே செய்யும். ஹம்பக்கர் அடக்குவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும் சுருளில் ஏற்றும் ஓசையை மட்டும். அதற்கு ‘ரீங்காரம்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். வண்டுக்கு அழகான சொல். எங்கள் சோமனூர்ப் பக்கம் கிணற்று மோட்டாரில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் என்ன சொல்வார்கள்? “மோட்டார் உறுமுதுங்க, சுத்த மாட்டேங்குது.” இந்த ஓசைக்கு ‘உறுமல்’ என்ற பெயர் மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

‘நீக்கி’தான் பெரிய சிக்கல். நீக்கி என்றால் வடிகட்டி நினைவுக்கு வரும், இது இருக்கட்டும், அது போகட்டும் என்று பிரிக்கும் பொருள். இங்கே அப்படிப் பிரிக்க வழியே இல்லை. உறுமலின் இரண்டாம் மடங்கு 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாம் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் 98 ஹெர்ட்ஸ். இவ்வளவு நெருக்கத்தில் இருப்பதை வடிகட்டினால் சுரமும் சேர்ந்துதான் போகும்.

ஹம்பக்கரின் வழி வேறு. வெளியிலிருந்து வரும் காந்தப்புலம் இரண்டு சுருளையும் ஒன்றுபோலத் தாக்குகிறது. ஒரு சுருளை எதிராகச் சுற்றியிருப்பதால் இரண்டின் உறுமலும் எதிரெதிராகி அழிகின்றன. கம்பியின் அதிர்வோ, அந்தச் சுருளின் கீழுள்ள காந்தமுனையும் மாறியிருப்பதால், இரண்டு முறை திரும்பி மீண்டும் நேராகி, மற்றச் சுருளின் ஒலியோடு கூடிவிடுகிறது.

மின்சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் நிரலில் இதை வரைந்து பார்த்தால் ஐயமே வராது. ஒவ்வொரு சுருளுக்கும் இரண்டு மின்னழுத்த மூலங்கள் வைத்தேன்: ஒன்று கம்பிக்கு, ஒன்று உறுமலுக்கு. இரண்டாம் சுருளில் உறுமல் மூலத்தை மட்டும் தலைகீழாக்கினேன். சுருளுக்கு 5000 சுற்று என்று சமமாக இருந்தவரை வெளியீட்டில் உறுமல் சுழி. ஒன்றை 4750 ஆகக் குறைத்ததும் எட்டிப் பார்த்தது. இரண்டும் கூடியிருந்தால் வந்திருக்கும் அளவில் சுமார் 2.6 சதவீதம், அதாவது 32 டெசிபல் தாழ்வு. மின்சுற்றில் வடிகட்டி எதுவும் கிடையாது. சுற்றுக் கணக்கு ஒத்துப்போவதுதான் வேலையைச் செய்கிறது.

ஹம்பக்கரில் மேல்சுருதி கொஞ்சம் மங்குவதைக் கேட்டவர்கள் உண்டு. ‘நீக்கி’ என்று படித்த மாணவர், நீக்கும்போது அதுவும் போயிற்று என்றே நினைப்பார். அதற்குப் பெரும்பங்கு காரணம் சுருளின் மின்தூண்டம் (இண்டக்டன்ஸ்) ஏறுவது. அது ஏறினால் ஒத்ததிர்வு கீழே இறங்கும், அதற்கு மேலுள்ள ஒலி தேயும். கேபிளோடு சேர்த்து 600 பிக்கோஃபாரட் என்று வைத்தால், 2.5 ஹென்றி ஒற்றைச்சுருளின் ஒத்ததிர்வு 4.1 கிலோஹெர்ட்ஸ் அருகே விழும். 4 ஹென்றி ஹம்பக்கரில் 3.2க்கு இறங்கிவிடும்.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலும் இருந்தது. கிட்டார் நிறுவனமான கிப்சனுக்காக சேத் லவர் 1955இல் காப்புரிமை கேட்டு 1959இல் பெற்ற வடிவம்தான் ஹம்பக்கர் என்று நிலைத்தது. ‘ஹம்’ என்றால் உறுமல், ‘பக்’ என்றால் எதிர்ப்பது. பொருள் பெயரிலேயே இருக்கிறது. அதே காலத்தில் ரே பட்ஸ் செய்த இரட்டைச்சுருளுக்கு இன்னொரு கிட்டார் நிறுவனமான கிரெட்ச் வைத்த பெயர் ஃபில்ட்டர்ட்ரான். வடிகட்டாததற்கு வடிகட்டிப் பெயர்! நாம் முதல் பெயரின் வழியில் போவோம்.

‘முறி’ என்ற சொல் எனக்குக் கோவை கணபதியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் கிடைத்தது. என் ஒற்றைச்சுருள் பிக்கப்பின் கம்பி அறுந்து, முடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி கேட்டுப் போயிருந்தேன். விசைத்தறி ஓடும்போது அந்தப் பிக்கப் எப்படி உறுமும், நாற்காலியைத் திருப்பிப் போட்டால் எப்படிக் குறையும் என்று பேசிக்கொண்டே ஹம்பக்கரைத் தாளில் வரைந்து காட்டினேன். அங்கிருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “ஏனுங் தம்பி, மோட்டார்ல ஒரு காயில எதிரா போட்டுட்டா அது தப்பு, உறுமிட்டே நின்னுக்கும். இதுல வேணும்னே எதிரா போடறீங்க. ஒன்னோட உறுமல இன்னொன்னு முறிச்சுப்போடுது, அப்படித்தானுங்?” அப்படியேதான். நஞ்சை முறிப்பது என்கிறோம். நஞ்சை யாரும் வடிகட்டுவதில்லை, எதிர்ப்பொருள் கொடுத்துத்தான் முறிக்கிறோம்.

ஆகவே ஹம்பக்கர் – உறுமல்முறி. பிக்கப் பிக்கப்பாகவே இருக்கட்டும், கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருள் அது. மூன்று ஒற்றைச்சுருள் வைத்த கிட்டாரில் நடுவிலுள்ளதை மட்டும் மாற்றிச் சுற்றி, முனையையும் மாற்றுவார்களே, அதற்கு ‘எதிர்ச்சுற்று எதிர்முனை’ என்று எழுதலாம்.

‘உறுமுறி’ என்று இன்னும் சுருக்கலாமா என்று யோசித்தேன். ‘உறு’ என்று தனியே நின்றால் வேறு பொருள் தட்டுகிறது, அதனால் விட்டுவிட்டேன். இலக்கணம் அறிந்தவர்கள் இதற்கு வழி சொன்னால் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் மாற்றிக்கொள்கிறேன்.