காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் குடும்பத்தோடு குடியிருப்பவர்கள், அங்கே வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்

பள்ளத்தூர்:

சென்னையிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். அங்கே கொடுத்த வாடகையில் பாதிகூட இல்லை. முன்னால் திண்ணை, பின்னால் கிணறும் முருங்கையும். நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பெரிய செட்டிநாட்டு வளவு வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். ரொம்பக் கஷ்டம். அவை பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் வாடகைக்கு விடவோ விற்கவோ முடியும். நமக்குக் கிடைப்பது பின்னாளில் கட்டிய சின்ன வீடுகள்தான். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்.

தெரு அமைதியாக இருப்பதற்கும் அதுதான் காரணம். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் என்று ஒரே வீடு நீண்டு கிடக்கும். அதனால் அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பது நாலைந்து வீட்டில்தான். அந்த நாலைந்து வீடும் ஒன்றுக்கொன்று துணை. மகளுக்கு ராத்திரி காய்ச்சல் ஏறியபோது எதிர்வீட்டு ஆச்சி, "ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு, நீ பிள்ளையைப் பாரு ஆத்தா" என்று வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார். சென்னையில் அத்தனை வருஷம் இருந்தும் பக்கத்துக் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பூட்டிய வீடு கல்யாணத்துக்குத் திறக்கும்போது பார்க்க வேண்டும்! முன்கூட்டியே ஆட்கள் வந்து தூசி தட்டி, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அப்புறம் ஊரெல்லாம் கார். எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் என்று இலை நிறையப் போட்டார்கள்.

காரைக்குடி:

நாங்கள் டவுனுக்குள் இருக்கிறோம். வாடகை கிராமத்தைவிடக் கூடுதல்தான், ஆனால் அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டும் இருப்பதால் பக்கத்திலேயே படிக்கிற, வேலை பார்க்கிற குடும்பங்கள் நிறைய. திங்கள்கிழமை சந்தையில் அந்த வாரத்துக் காய்கறி முடிந்துவிடும். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிவிட்டால் வேறு ஊர்த் தண்ணீர் இறங்காது. ஒன்று சொல்லியாக வேண்டும்: பெரிய வைத்தியம் என்றால் மதுரை அல்லது திருச்சி, எப்படியும் 90 கிலோமீட்டர். வயதான பெற்றோர் கூட இருந்தால் அதையும் யோசித்து முடிவெடுங்கள்.

தேவகோட்டை:

வீடு பார்ப்பவர்கள் ஐப்பசி மழையில் ஒரு தடவை வந்து பாருங்கள். ஊருணிக்குத் தண்ணீர் போகிற வரத்துக்கால் எந்த வாசலை ஒட்டிப் போகிறது என்று அப்போதுதான் தெரியும். அட்வான்ஸ் கொடுப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.